கேரியர் புஷ்பமும் பன்னிரண்டு ஐம்பதும்

சாந்தோம் குப்பத்துப் புஷ்பத்திடம் கைக்கடிகாரம் கிடையாது. வீட்டிலும் கடிகாரம் கிடையாது. ஆனால் மயிலாப்பூரில் அவள் வருவதைப் பார்த்து மணி தெரிந்துகொண்டவர்கள் நிறையப் பேர். இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. மயிலாப்பூரில் எந்த வீட்டுக் கடிகாரமும் சரியான மணியைக் காட்டாது என்பது அவளுக்குத் தெரியும். எந்தக் கடிகாரம் எத்தனை நிமிஷம் பொய் சொல்லும் என்பதும் தெரியும்.

நம் ஜனங்களுக்கு இப்படி ஒரு வழக்கம் உண்டு. வேளையோடு கிளம்ப வேண்டும் என்று கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைப்பார்கள். தள்ளி வைத்த ஆளே மறுநாள் காலையில் அதை நிமிர்ந்து பார்த்து, "பத்து நிமிஷம் ஃபாஸ்ட்தானே" என்று இன்னொரு டம்ளர் காபி கேட்பார். பஸ் போய்விடும். அதற்கடுத்த நாள் பதினைந்து நிமிஷமாகத் தள்ளி வைப்பார். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளச் சுவரில் ஒன்றை மாட்டி, அதற்கு வாரம் தவறாமல் சாவியும் கொடுக்கிறவர்களை என்னவென்று சொல்வது?

புஷ்பம் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. மனசுக்குள் குறித்து வைத்துக்கொண்டாள். கச்சேரி ரோட்டு வக்கீல் வீட்டில் எட்டு நிமிஷம் முன்னால். கிழக்கு மாட வீதியில் பச்சைக் கதவு வீட்டில் இருபது நிமிஷம், அந்த வீட்டு ஐயா அப்படியும் தினம் லேட். தெற்கு மாட வீதி மீனாட்சி மாமி வீட்டில் பன்னிரண்டு நிமிஷம். மற்ற கடிகாரங்கள் மழைக்கு ஒரு மாதிரியும் வெயிலுக்கு ஒரு மாதிரியும் ஓடும். மாமி வீட்டுக் கடிகாரம் மட்டும் என்றைக்கும் அதே பன்னிரண்டு நிமிஷம்தான். அதனால் புஷ்பம் அதைத்தான் முழுசாக நம்பினாள்.

அவள் தொழில் சாப்பாட்டுக் கேரியர் தூக்குவது. வீடு வீடாகப் போய் மதியச் சாப்பாட்டை வாங்கிக் கூடையில் அடுக்கி, மவுண்ட் ரோட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சேர்க்க வேண்டும். இருபது கேரியர். மீன் கூடை சுமந்து பழகிய தலை என்பதால் அவளுக்கு அது ஒரு பாரமில்லை. மாட வீதிகளைச் சுற்றி லஸ் முனை வரைக்கும் நடை. அங்கே ஷரஃபுதீன் தன் சைக்கிள் ரிக்ஷாவோடு காத்திருப்பான். அங்கிருந்து ராயப்பேட்டை வழியாக மவுண்ட் ரோடு.

மீனை விட்டுவிட்டு ஏன் சோற்றுக்கு வந்தாய் என்று மாமி ஒருநாள் கேட்டாள்.

"கடலுக்கு ஒரு நேரங்காலம் கெடயாது மாமி. அது இஸ்டப்பட்டா குடுக்கும், இல்லாங்காட்டி இல்ல. எம் புருசன் அதையே நம்பிகினு கீறாரு. வூட்ல ஒர்த்தராவது நேரத்துக்குப் போயி நேரத்துக்கு வர்ற வேலையில இருக்க வாணாமா?" என்றாள் புஷ்பம். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் படிப்பு அந்த இருபது கேரியரில்தான் ஓடியது.

அந்த வேலைக்குத்தான் 1971ஆம் வருஷம் வேட்டு வந்தது. ஆபீஸுக்குத் திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி மாணிக்கவாசகம் என்று ஒரு மேனேஜர் வந்தார். டை கட்டியவர், சிரிக்காதவர். வந்த முதல் வாரமே ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார். வாசல் பக்கத்தில் ஒரு மேஜை, அதில் ஹெட் கிளார்க் கோதண்டபாணி, அவர் முன்னால் வருகைப் பதிவேடும் ஒரு சிவப்பு மைக்கூடும். யார் லேட்டாக வந்தாலும் வந்த நிமிஷத்தைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். மூன்று சிவப்பு விழுந்தால் அரை நாள் லீவு போய்விடும். கோதண்டபாணி சாது. சிவப்புப் பேனாவைத் தொடும்போதெல்லாம் எழுதப்படுகிறவரை விட அவர்தான் அதிகமாக வேர்த்துப் போவார்.

அடுத்ததாக மேனேஜர் கண் மதியச் சாப்பாட்டின் மேல் விழுந்தது. சாப்பாட்டு வேளை ஒரு மணி. ஆனால் பன்னிரண்டு அடித்ததுமே ஒவ்வொருவராக எழுந்து மாடிப்படிக்குப் போய்க் கேரியர் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பணம் கட்ட வந்தவர்கள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேரியர் கொண்டுவந்த மூன்று பெண்களில் ஒருத்தி பன்னிரண்டரைக்கு வருவாள், இன்னொருத்தி ஒன்றே காலுக்கு வருவாள். ஒன்றாம் தேதியிலிருந்து கேன்டீன், கேரியர்காரிகள் படியேறக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மற்ற இரண்டு பேரும் வேறு ஆபீஸ் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். புஷ்பம் மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே அவர் அறைக்குள் போனாள்.

"நா என்னிக்கும் லேட்டா வந்தது இல்ல சார். லேட்டா வந்தவங்கள நீ கேளு. என்னிய ஏன் நிறுத்தற?"

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "நீ வர்ற நேரம் உனக்குத் தெரியும். என் ஸ்டாஃபுக்குத் தெரியாதே. வருமோ வராதோன்னு நினைக்கிறதாலதானே எழுந்து போறாங்க?"

இந்த நியாயம் புஷ்பத்துக்கு உறைத்தது. நேரத்துக்கு வந்தால் மட்டும் போதாது, வருவாள் என்று மற்றவன் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்கு இது புதிதாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

"அப்ப ஒண்ணு செய்யி சார். பன்னண்டு நாளு குடு. பன்னண்டு அம்பதுக்கு இருவது கேரியரும் சாப்புடற ரூம்புல வரிசையா இருக்கும். ஒரு நாளு, ஒரு நிமிசம் லேட்டானாலும் நீ ஒண்ணும் சொல்ல வாணாம். நானே நின்னுக்கறேன்."

மாணிக்கவாசகம் காலண்டரைப் பார்த்தார். பன்னிரண்டாவது வேலை நாள் எது என்று எண்ணிப் பென்சிலால் வட்டம் போட்டார். "சரி" என்றார். கோதண்டபாணி பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் 'கேரியர்' என்று தலைப்பு எழுதி, நேரம் குறிக்க ஆரம்பித்தார்.

பதினோரு நாள் போனது. 12.46, 12.47, 12.44, 12.48. ஒருநாள் ராயப்பேட்டையில் டயர் பஞ்சர் ஆனபோது அவள் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு மீதி வழியை ஓடியே கடந்தாள், 12.49. ஐந்தாம் நாளிலேயே மாடிப்படியில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. எட்டாம் நாள் யாரும் எழுந்திருக்கவில்லை. பதினோராம் நாள் கோதண்டபாணி அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்த மேஜையில் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததில்லை.

பென்சிலால் வட்டம் போட்டபோது மேனேஜரும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் கபாலி கோயில் தேர்.

மயிலாப்பூரில் தேர் என்றால் நான்கு மாட வீதியும் தலையாகத்தான் தெரியும், தரை தெரியாது. புஷ்பம் பயப்படவில்லை, யோசித்தாள். முதல் நாளே தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களிடம் போய் விசாரித்தாள். தெற்கு வீதி முடிந்து, குளத்து மேற்குப் பக்கம் போய், வடக்கு வீதி முனையில் தேர் திரும்பச் சுமார் பன்னிரண்டு ஆகும் என்றார்கள். திருப்பத்தில் நின்றால் நின்றதுதான். அப்படியானால் பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அந்த முனையைத் தாண்டி லஸ் பக்கம் போய்விட வேண்டும். இருபது வீட்டிலும் அரை மணி முன்னால் கேரியர் தயாராக வேண்டும் என்று சொன்னாள். இருபது வீட்டிலும் தயாராக வைத்திருந்தார்கள். தீபாவளிக்குக் கூட அந்த வீடுகளில் சமையல் அத்தனை சீக்கிரம் முடிந்திருக்காது.

பதினேழாவது கேரியர் மீனாட்சி மாமியுடையது. கூடத்துச் சுவரைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது. பன்னிரண்டைக் கழித்தால் பதினொன்று இருபத்தெட்டு. புஷ்பத்துக்கு மனசு குளிர்ந்தது. இன்னும் மூன்றே வீடு, கையில் இருபது நிமிஷத்துக்கு மேல் இருக்கிறது. நீர்மோர்ப் பந்தலில் நின்று ஒரு டம்ளர் மோர் குடித்தாள். இன்னொன்றும் குடித்தாள். தூரத்தில் தேரின் உச்சி வீட்டு மாடிகளுக்கு மேலே ஆடி ஆடிப் போவதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். வழக்கமாக மணி பார்க்கும் பலசரக்குக் கடை தேருக்காக மூடியிருந்தது. அதை அவள் பொருட்படுத்தவில்லை. மீதி மூன்று கேரியரையும் வாங்கிச் சும்மாட்டைச் சரிசெய்து, கூடையைத் தலைக்கு ஏற்றினாள். அவள் கணக்கில் பதினொன்று நாற்பத்தெட்டு.

அப்போது சாந்தோம் மாதா கோயில் மணி அடித்தது. மூன்று, கொஞ்சம் விட்டு மூன்று, மறுபடி மூன்று. அது மத்தியானம் பன்னிரண்டு மணி ஜெப மணி. பிறந்ததிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த மணி.

"இன்னா ஆச்சு சாமியாருக்கு? இவ்ளோ சீக்கிரமா அடிக்கிறாரு" என்றுதான் முதலில் நினைத்தாள். மாமி வீட்டுக் கடிகாரத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. நான்கடி நடந்ததும், அந்த மணி ஒருநாளும் தப்பியதில்லை என்பது உறைத்தது. திரும்பி மாமி வீட்டு வாசலுக்கே ஓடினாள். மாமி படியில் நின்று தேரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமி, உங்க கெடியாரம் பன்னண்டு நிமிசம் முன்னாலதான ஓடுது?"

"அடடா, உங்கிட்ட சொல்லலையோடீ? பம்பாயிலேர்ந்து பிள்ளையாண்டான் வந்திருக்கானோல்லியோ, நேத்திக்கு ரேடியோல மணி சொல்றதைக் கேட்டுண்டு, முள்ளைச் சரியாத் திருப்பி வெச்சுட்டான். 'என்னத்துக்கும்மா பொய்யான கடிகாரத்தை ஆத்துல மாட்டிண்டிருக்கே'ன்னான். ஆத்துல எல்லார்ட்டயும் சொன்னேன், உன்னை மறந்தே போய்ட்டேன்."

பம்பாய்ப் பிள்ளை நல்லவன்தான், நல்லது என்று நினைத்துத்தான் செய்தான். ஆனால் பல வருஷம் ஒழுங்காகப் பொய் சொல்லி வந்த கடிகாரம் ஒரே நாள் உண்மை பேசிப் புஷ்பத்தைக் கவிழ்த்துவிட்டது. பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. ஓடினாள்.

இருபது கேரியரும் தலைமேல் கடகடவென்று பேச, "வயி வுடு சாமி, வயி வுடு தாயி" என்று சொல்லிக்கொண்டே குளத்து மேற்குப் பக்கமாக ஓடினாள். வடக்கு முனை வந்ததும் கால் தானாக நின்றது. தேர் நடுத்தெருவில் நின்றது. திருப்பம். நான்கு சக்கரத்துக்கும் முட்டுக்கட்டை. முன்னால் இரண்டு வடமும் பாதையின் குறுக்கே வளைந்து கிடக்க, வடத்தைப் பிடித்தபடி தோளோடு தோள் ஒட்டி ஆயிரம் பேர். எலி நுழைய இடமில்லை. "அந்தப் பக்கம் போகணும்னா கிழக்கால சுத்திக்கினு போ" என்றார் போலீஸ்காரர். சுற்றினால் அரை மணி. கூடையோடு என்றால் அதற்கும் மேலே.

பன்னிரண்டு ஐம்பது, பன்னிரண்டு ஐம்பது என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. பெண்கள் பள்ளிக்கூடம், மேனேஜருக்குக் கொடுத்த வாக்கு, பதினோரு நாள் ஓட்டம் எல்லாம் இந்த வடத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தன. அழுகை வந்தது. அழவும் நேரமில்லை.

"யக்கா! யக்கோவ்!"

வடத்துக்கு அந்தப் பக்கம், கூட்டத்தின் விளிம்பில், ரிக்ஷா சீட்டின் மேல் ஏறி நின்று ஷரஃபுதீன் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தான். லஸ் முனையில் நின்று பார்த்து, இவளைக் காணோம் என்றதும் எதையோ இடித்து யாரையோ திட்டி இதுவரை வந்துவிட்டிருந்தான். அவனைப் பார்த்ததும் புஷ்பத்துக்கு உயிர் வந்தது, யோசனையும் வந்தது. கூடையை இறக்கினாள். முதல் கேரியரை எடுத்துப் பக்கத்தில் வடம் பிடித்தவரின் கையில் திணித்தாள்.

"சோறு சாமி. ஆபீஸ் போனவங்க சோறு. அப்டியே கைமாத்தி வுட்டீங்கன்னா தோ அந்தாண்ட ரிக்சாக்காரரு வாங்கிக்குவாரு. புண்ணியமாப் போவும்."

தேரன்றைக்கு மயிலாப்பூரில் புண்ணியம் என்று சொன்னால் போதும். அவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார், அடுத்தவர் அதற்கடுத்தவரிடம். யாரோ "நமப் பார்வதி பதயே" என்று குரல் எழுப்ப, ஆயிரம் வாய் "ஹர ஹர மகாதேவா" என்றது. பித்தளைக் கேரியரும் எவர்சில்வர் கேரியரும் வெயிலில் பளபளவென்று மின்னித் தலைகளுக்கு மேலே மிதந்துகொண்டு போயின. புஷ்பத்துக்கு உடம்பு சிலிர்த்தது.

எட்டாவதைக் கையில் எடுத்ததும் அவளுக்குத் திக்கென்றது. அது பக்கத்துக் குடிசைக்காரர், அந்த ஆபீஸில் பியூனாக இருப்பவருடையது. உள்ளே நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. ஒதுக்கி வைக்கவும் முடியாது, எண்ணிக்கையில் இருபதில் ஒன்று. "கபாலி, இத்த மட்டும் கண்டுக்காத" என்று முணுமுணுத்துக்கொண்டு அதையும் நீட்டினாள். அது போன வழியெல்லாம் மூக்குகள் நிமிர்ந்தன.

"என்னம்மா வாசனை இது?"

"மோர்மொளகா சாமி. கொஞ்சம் பளசு."

கேட்டவர் நம்பினாரோ இல்லையோ, கையில் வைத்துக்கொள்ளாமல் மற்றதைவிட வேகமாகக் கடத்திவிட்டார். அந்தக் கேரியர்தான் அன்றைக்கு எல்லாவற்றுக்கும் முந்தி ரிக்ஷாவைச் சேர்ந்தது.

வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் எண்ணிக்கொண்டிருந்தது. "பதிமூணு. சாய்க்காம பிடிங்க, சாம்பார் கொட்டும். பதினாலு. அவசரப்படாதீங்க, ஒவ்வொண்ணா வரட்டும். பதினஞ்சு." கூட்டத்தை அப்படி ஒழுங்காக வேலை வாங்கிய குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. புஷ்பம் எட்டிப் பார்த்தாள். வெற்று மார்பு, நெற்றியிலும் தோளிலும் பட்டை பட்டையாக விபூதி, மடித்துக் கட்டிய வேட்டி, வேர்வையில் வழுக்கும் கண்ணாடி. டை இல்லாததால் அவளுக்கு ஒரு கணம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. யாருக்குத் தெரியக் கூடாதோ, அந்த மாணிக்கவாசகம் கையில் அவளுடைய பதினாறாவது கேரியர் இருந்தது.

காலி கூடையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, அதன் அடியில் குனிந்து ஊர்ந்து அந்தப் பக்கம் எழுந்தாள். எழுந்த இடத்தில் அவர் நின்றார்.

"புஷ்பம்தானே?"

"ஆமா சார்."

மாணிக்கவாசகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டு பத்தொன்பது." குரல் வழக்கம்போல்தான் இருந்தது, ஆனால் முகம் வெளிறியிருந்தது. "எனக்கும் பன்னிரண்டு ஐம்பது வரைக்கும்தான் பெர்மிஷன். பஸ்ஸையெல்லாம் சுத்தி விட்டுட்டாங்களாம். உன் ரிக்ஷாவில இடம் இருக்குமா?"

ரிக்ஷாவில் கூடைக்கே பாதி இடம். மீதியில் மேனேஜர் ஏறி, மடியில் நான்கு கேரியரை வைத்துக்கொண்டார். புஷ்பம் பின்னால் நின்று இரண்டு கையாலும் தள்ளினாள். ஷரஃபுதீன் எழுந்து நின்று மிதித்தான். வண்டி லஸ்ஸைத் தாண்டி ராயப்பேட்டை ஹை ரோட்டில் பறந்தது. சைக்கிள் ரிக்ஷா பறக்குமா என்று கேட்கக் கூடாது. அன்றைக்குப் பறந்தது. மேனேஜர் மஞ்சள் பையிலிருந்து சட்டையை எடுத்து மாட்டி, குலுக்கலில் பொத்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டார்.

"குனிஞ்சி ஒக்காரு சாமி, காத்து தடுக்குது" என்றான் ஷரஃபுதீன். அவர் குனிந்து உட்கார்ந்தார். ஏறியிருப்பவர் யார் என்று அவனுக்குத் தெரியாது. மிதிக்க மிதிக்க அவனுக்கு வயிற்றெரிச்சல் வேறு பொங்கியது. "கேட்டியா சாமி, அந்த ஆபீஸ்ல ஒரு மேனேஜர் கீறானாம். கல்லு மனசுக்காரன். ஒரு நிமிசம் லேட்டானா இந்த யக்கா வேலைய வுட்டு நிறுத்திடுவானாம். நீயே சொல்லு, இது நாயமா?"

பின்னால் புஷ்பம் இருமினாள், இன்னும் பலமாக இருமினாள். அவன் காதில் விழவில்லை.

"அது அந்தம்மா தானே சொன்ன வார்த்தைப்பா" என்றார் மாணிக்கவாசகம் கேரியர்களைப் பார்த்தபடி.

"ஒரு பொம்பள ரோசத்துல சொல்லிட்டா, ஒரு ஆம்பள அத்தப் புடிச்சிக்கறதா?"

மேனேஜர் கேரியர்களைச் சாயாமல் பிடித்துக்கொண்டார். மடியிலிருந்த நான்கில் ஒன்று பியூனுடையது. அவர் ஒன்றும் கேட்காமல் முகத்தைக் காற்று வரும் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ராயப்பேட்டை மணிக்கூண்டு பக்கத்தில் வரும்போது சங்கிலி கழன்றது. ஷரஃபுதீன் குதித்து இறங்கிக் குந்தினான். சங்கிலி பல்லில் ஏறாமல் அடம்பிடித்தது. மாணிக்கவாசகம் கேரியர்களைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கி, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தார். விபூதி பூசிய கையில் கறுப்பு கிரீஸ் வழிந்தது. சங்கிலி ஏறியதும் அவர் திரும்ப வண்டியில் ஏறவில்லை. "ஆள் இல்லாம இருந்தா வேகமாப் போகும்ல?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புஷ்பத்துக்குப் பக்கத்தில் நின்று தானும் தள்ளினார். மவுண்ட் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற ஜனங்கள் ஒரு ரிக்ஷாவையும், அதைத் தள்ளிக்கொண்டு ஓடுகிற ஒரு சாமியாரையும் கூடைக்காரியையும் பார்த்து வழிவிட்டார்கள்.

கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இரண்டு பேரும் படியேறினார்கள். கோதண்டபாணி எழுந்து நின்றார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், மேனேஜரின் கோணல் சட்டையைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

பன்னிரண்டு ஐம்பத்து மூன்று.

"சார், நம்ம கடிகாரம் கொஞ்சம் ஃபாஸ்ட்னு நினைக்கிறேன்" என்றார் கோதண்டபாணி மெதுவாக.

"என் வாட்சிலயும் அதேதான். எழுதுங்க."

கோதண்டபாணி சிவப்புப் பேனாவை எடுத்து, மாணிக்கவாசகம், 12.53 என்று எழுதினார். நாற்காலியிலிருந்து ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 'கேரியர்' என்ற தலைப்பின் கீழே அதே நேரத்தைச் சிவப்பில் குறித்தார். பன்னிரண்டாம் நாள்.

புஷ்பம் கூடையை உள்ளே கொண்டுபோய், இருபது கேரியரையும் வரிசையாக வைத்தாள். ஒன்றும் சிந்தியிருக்கவில்லை. தேர் என்று சொல்லவில்லை, சங்கிலி என்று சொல்லவில்லை, கடிகாரத்தைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து மேஜை முன்னால் நின்றாள்.

"மூணு நிமிசம் லேட்டு சார். தப்பு என்னுது. நாளையிலேர்ந்து நா வரல. சாயங்காலம் காலி கேரியர மட்டும் எடுத்துகினு போறேன்."

கூடையை எடுத்துக்கொண்டு படி இறங்கப் போனவளை மாணிக்கவாசகம் நிறுத்தினார். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கோதண்டபாணி கையிலிருந்து பேனாவை வாங்கினார். கடைசிப் பக்கத்தில் 'கேரியர்' என்பதை ஒரே கோடாக அடித்தார். "கேரியர் எப்படி ஓய் லேட்டாகும்? அதுக்குக் காலா இருக்கு?" என்றார் கோதண்டபாணியிடம். முன்பக்கத்துக்குத் திரும்பி, தன் பெயருக்குக் கீழே, கிரீஸ் விரல் பதிய, புஷ்பம், 12.53 என்று எழுதினார்.

"நீ சொன்ன வார்த்தை கேரியர்க்காரி சொன்ன வார்த்தை. அது இன்னைக்கு முடிஞ்சு போச்சு. இந்தப் பக்கத்துல பேர் ஏறினா இந்த ஆபீஸ் சட்டம். எனக்கு என்னவோ அதேதான் உனக்கும். மூணு சிவப்பு விழுந்தா அரை நாள் லீவு. இன்னைக்கு எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. கேன்டீன்காரனுக்கு நான் சொல்லிக்கிறேன்."

புஷ்பத்துக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். குனிந்து விரல் வைத்துத் தன் பெயரைப் படித்தாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது, சிரிப்பும் வந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அவள் பெயர் எழுதப்பட்டதில்லை.

"அப்ப இன்னும் ரெண்டு தபா லேட்டா வரலாமா சார்?"

"வரலாம்."

"அந்த ரெண்டும் எனக்கு வாணாம் சார். அத்த அடிச்சுட சொல்லு."

"அப்படியெல்லாம் அடிக்கச் சட்டத்துல இடமில்லை" என்றார் மாணிக்கவாசகம். அப்புறம் கையைக் கழுவப் போனார்.

மணி ஒன்று அடித்தது. ஹாலில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

அதற்குப் பிறகு புஷ்பம் எட்டு வருஷம் அந்தப் படி ஏறினாள். 1979இல் கோதண்டபாணி ரிட்டையரான அன்று பழைய பதிவேடுகளையெல்லாம் கட்டி வைத்துவிட்டு, ஆசைக்காகச் சிவப்பு மையை மட்டும் தேடிப் புரட்டிப் பார்த்தார். மாணிக்கவாசகம் மாற்றலாகிப் போவதற்குள் அவர் பெயரில் இன்னும் நான்கு விழுந்திருந்தது. கோதண்டபாணி பெயரிலேயே ஏழு இருந்தது. புஷ்பத்தின் பெயரில் அந்தத் தேர் நாள் ஒன்றுதான்.